சாலுரான் ஒன்று

சுங்கை கெருயிங்கில் நகல் எடுக்க
என் கடை ஒன்றுதான், தவமலர் நகலகம்.
மூன்று கட்சிச் சுவரொட்டியும் இங்கேதான்.
ஒருவர் எடுத்துப் போக வரும்போது
மற்றவர் கட்டுகளைத் திருப்பி வைப்பேன்,
முகம் சுவரைப் பார்க்க.

சாப்பாட்டு மேசை நீளத்துக்கு
மாதிரிக் காசோலை அடித்துக் கொடுப்பதும் நான்:
பள்ளிக் கூரைக்கு இருபதாயிரம் வெள்ளி,
கோவில் கொட்டகைக்கு எட்டாயிரம்.
நிஜக் காசோலை எப்படி இருக்கும்
இதுவரை பார்த்ததில்லை.

மனுக்களும் நான்தான்.
செம்பனைச் சிறுதோட்டக்காரர் சங்கம்,
பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோவில் கமிட்டி,
பந்து விளையாடும் பையன்கள்.
மலாயில் ஒரே கடிதம், தலைப்பு மாறும்.
'தாழ்மையுடன்' வருகிற இடத்தில்
'எங்களிடம் நானூறு ஓட்டு' என்று
போடச் சொன்னது தோட்டக்காரர்கள் மட்டும்.
தார் ரோடு அவர்களுக்குத்தான் வந்தது.

போன எல்லை மாற்றத்தில்
லயத்துக்கும் தாமானுக்கும் நடுவே
ஓடுகிற வாய்க்காலைப் பிடித்து
ஒரு கோடு போட்டார்கள்.
கேட்காமல் போட்டார்கள் என்று சொல்ல முடியாது.
வரைபடம் மாவட்ட அலுவலகத்தில் ஒட்டியிருந்தது,
அங்கே போக பஸ் நாளைக்கு ஒன்று.
ஆட்சேபிக்க நூறு பேர் வேண்டும்.
எழுபத்தெட்டு கையெழுத்து சேர்ந்தது.

ஆயிரத்து நூறு ஓட்டாக இருந்தோம்.
தீபாவளிக்கு ஒய்பி முறுக்கு கேட்டு
சமையல்கட்டு வரை வருவார்.
இப்போது அறுநூறு இந்தப் பக்கம், ஐந்நூறு அந்தப் பக்கம்,
எந்தத் தொகுதிக்கும் உப்புக்குக்கூடக் காணாது.
வாய்க்கால் அடைத்தால்
இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரை.
நவம்பரில் என் கடைக்குள்
மை டப்பாக்கள் மிதந்தன.

ஓட்டு எண்ணும் இரவு
எண்பது வெள்ளிக்கும் ஒரு மீகோரேங் பொட்டலத்துக்கும்
கட்சி முகவராக உட்கார்ந்தேன்.
எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்,
முதலில் கூப்பிட்டவர்கள் அவர்கள்.
வயதுப்படி அறை பிரிப்பார்கள்:
மூத்தவர்கள் சாலுரான் ஒன்று,
கடைசி அறையில்
முதல் தடவை மை வைத்துக்கொண்ட பிள்ளைகள்.
எந்த வயது கைவிட்டது என்று
விடியுமுன் கட்சிக்குத் தெரிந்துவிடும்.
மும்முனைப் போட்டி.
பத்தில் நான்கு பேர் போதும்;
மிச்ச ஆறு பேர்
ஐந்து வருடம் வேடிக்கை பார்க்கலாம்.

அறைத் தலைவர் சிக்கு சுரைடா
ஒரு சீட்டை விளக்குக்கு நேரே தூக்கினார்.
எந்தக் கட்டத்திலும் குறி இல்லை.
குறுக்கே தமிழில் ஒரு வரி:
'வாய்க்கால் யாருடயது?'

'டை' வர வேண்டிய இடத்தில் 'ட'.
கோவில் பலகைக்கு எழுதிக் கொண்டுவரும்போதெல்லாம்
ஆறு வருடமாக நான் திருத்துகிற எழுத்து.
பெயர் சொல்ல மாட்டேன். ஓட்டு ரகசியம்.

'என்ன எழுதியிருக்கிறது?'
ஒரு பக்கம் ரிட்ஜுவான், மறுபக்கம் கூய் லின் அக்கா.
தமிழ் படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்.
மலாயில் வாய்க்காலும் சாலுரான்தான்.
'இந்த சாலுரான் யாருடையது என்று கேட்கிறார்.'
சிக்கு சிரித்துவிட்டார்.
'முதியவர்களுடையது.
கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே.'

செல்லாத கட்டில் வைத்தார்.
பத்தொன்பது ஆயிற்று.
பாரம் பதினான்கில் கையெழுத்துப் போட்டேன்.
தொகுதி முழுதுக்கும் வித்தியாசம்
முப்பத்தாறு.

லோங்காங் என்று சொல்லியிருக்கலாம்.
எத்தனை மனுவில் அடித்த சொல்,
அந்த நேரம் வாயில் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தார்,
நகத்தில் மை அழியாமல்,
கையில் புது மனு.
'யாருக்குப் போட?'
'ரெண்டு பேருக்கும் போடும்மா.'
அதே எழுத்து, அதே இடத்தில்.
பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
'நாற்பது காசு' என்றேன்.
மிஷின் சூடாகக் காத்திருந்தோம்.